மெயின்டனன்ஸ் பாக்கி: எந்தக் கதவைத் தட்டுவது?

காட்பாடியில் எங்கள் அடுக்குமாடியில் 24 வீடுகள். கோடையில் போர்வெல் வற்றினால் மெயின்டனன்ஸ் வசூலில் பாதி டேங்கருக்கே போய்விடும். தகராறும் அங்கிருந்துதான் வந்தது. சின்ன வீட்டுக்காரர்கள் சதுர அடிக் கணக்கில் பிரிக்கச் சொன்னார்கள். பெரிய வீட்டுக்காரர்களோ, "வைத்தியத்துக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடும் வீட்டில் எட்டுப் பேர் குளிக்கிறார்கள் சார், தண்ணீர் சதுர அடி பார்த்தா செலவாகிறது?" என்றார்கள். இரண்டு தரப்பிலும் நியாயம் இருந்தது. இதற்கிடையில் இரண்டு ஓனர்கள் எட்டு மாதமாகப் பணம் கட்டவில்லை. அப்போது நான்தான் பொருளாளர்.

தண்ணீர் வால்வை மூடிவிடலாம் என்று கமிட்டியில் ஒருவர் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பாக்கி வைத்தது ஓனர், தவிக்கப்போவது வாடகைக்கு இருக்கும் குடும்பம். அதோடு, வால்வை மூடிய மறுநாளே புகார் நம் மேல் திரும்பிவிடும்.

சரி, வெளியே எங்கே போகலாம்? புகார் யார் மேல் என்பதைப் பொறுத்து வழி மாறும். பில்டர் இன்னும் சங்கத்திடம் ஒப்படைக்காமல், வசூல் மட்டும் செய்துகொண்டு லிஃப்டைப் பழுதுபார்க்காமல் விட்டிருந்தால், 2016 ரியல் எஸ்டேட் சட்டப்படி அமைந்த ஒழுங்குமுறை ஆணையமான ரெராவுக்குப் போகலாம். சங்கம் பொறுப்பேற்கும் வரை நியாயமான கட்டணத்தில் அத்தியாவசிய வசதிகளைத் தர வேண்டியது பில்டரின் கடமை.

கமிட்டியின் கணக்கில்தான் சந்தேகம் என்றால் மாவட்டப் பதிவாளர். 1975 சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவான சங்கமாக இருந்து, உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதவர்கள் மனு கொடுத்தால், அவர் விசாரணை நடத்தலாம். எங்கள் கணக்கில் அது எட்டுக் கையெழுத்து. ஆனால் ஒருவரிடமிருந்து பாக்கியை வாங்கித் தருவது அவர் வேலை இல்லை.

நுகர்வோர் ஆணையத்தைப் பலர் சொல்வார்கள். பணம் வாங்கிக்கொண்டு சேவையில் குறை வைத்தார்கள் என்று வீட்டுக்காரர் கேட்க அது நல்ல இடம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. பாக்கி வசூலிக்க நினைக்கும் சங்கத்துக்கு மட்டும் அந்தக் கதவு திறக்காது. அங்கே சங்கம் நுகர்வோர் ஆகாது.

அப்புறம் மிஞ்சியவை சிவில் கோர்ட்டும், சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றமான லோக் அதாலத்தும்தான். கோர்ட்டில் எதிராளி வராவிட்டாலும் தீர்ப்பு கிடைக்கும், அது பெரிய பலம். பாக்கிக்கு மூன்று வருடக் காலவரம்பு உண்டு, அதை மறக்கக் கூடாது. ஆனால் கோர்ட் கட்டணம், வக்கீல் ஃபீஸ், வாய்தா எல்லாம் சேர்த்தால், சில பத்தாயிரம் பாக்கிக்கு அது தாங்காது.

லோக் அதாலத் வேண்டுமென்றால், கோர்ட்டில் வழக்குப் போடுவதற்கு முன்பே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம், கட்டணம் இல்லை. சமரசம் ஆனால் அது சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. எதிராளி சம்மதிக்காவிட்டால் ஒன்றும் நடக்காது என்பதுதான் அதன் பலவீனம். ஆனாலும் 24 வீட்டுக்கு நான் இதைத்தான் சொல்வேன். நாளைக் காலையில் அதே லிஃப்டில் அவர் முகத்தில்தானே விழிக்க வேண்டும்.

நாங்கள் மனு எழுதுவதற்கு முன் ஒரு வருட டேங்கர் பில், கரண்ட் பில், செக்யூரிட்டி சம்பளம் எல்லாவற்றையும் நகல் எடுத்து எல்லா வீட்டுக்கும் கொடுத்தோம். இருவரில் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு அந்த வாரமே மொத்தமாகக் கட்டினார். இன்னொருவர் லோக் அதாலத்தில் நான்கு தவணைக்கு ஒத்துக்கொண்டார். பொதுக்குழுவில் டேங்கர் செலவை மட்டும் தனியாகப் பிரித்து ஆள் கணக்கில் போட்டோம். மற்றதெல்லாம் சதுர அடிக் கணக்கு. பில்கள் இப்போது மாதாமாதம் லிஃப்ட் பக்கத்துப் பலகையில் இருக்கின்றன.