மட்டக்களப்பு பெரியாஸ்பத்திரி பாலியல் நோய் கிளினிக்: ஊசி போட்டும் ‘பொசிட்டிவ்’ வந்த எனக்கு

கட்டாருக்குப் போக மெடிக்கல் எடுத்தபோதுதான் எனக்கு சிபிலிஸ் இருப்பது தெரிந்தது. புண்ணும் இல்லை, நோவும் இல்லை. வளைகுடா மெடிக்கலில் சிபிலிஸுக்கான இரத்தப் பரிசோதனைகளான வீடிஆர்எல், டிபிஎச்ஏ இரண்டும் பார்ப்பதால் பிடிபட்டது. ஒரு தனியார் டொக்டர் பெனிசிலின் ஊசி ஒன்று போட்டு, சரி என்று அனுப்பிவிட்டார்.

அப்புறம் டவுனில் ஒரு லாப்பில் திரும்பவும் இரத்தம் கொடுத்தேன். ரிப்போட்டில் ‘டிபிஎச்ஏ பொசிட்டிவ்’ என்று ஒற்றை வரி. விளக்கம் கேட்டால் டொக்டரிடம் காட்டச் சொன்னார்கள். பாமசியில் கேட்டேன், டொக்சிசைக்கிளின் குளிசை ஒரு கிழமைக்குத் தரவா என்றார்கள். ராத்திரி நித்திரை போய்விட்டது. நோய் உள்ளே ஊறிக்கொண்டு கிடக்கிறது, மனைவிக்கும் கொடுத்துவிட்டேனோ என்ற யோசனைதான் எந்த நேரமும்.

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் பாலியல் நோய் கிளினிக்குக்குக் கடிதம் எதுவும் தேவையில்லை, நேரே போகலாம். காசும் இல்லை. நான் பயந்தது பெயரைச் சத்தமாகக் கூப்பிடுவார்களே என்றுதான். அங்கே அட்டையில் இருக்கிற இலக்கத்தைத்தான் கூப்பிட்டார்கள்.

டொக்டர் என் பழைய ரிப்போட்டுகளை மேசையில் வரிசையாக வைத்தார். “தம்பி, டிபிஎச்ஏயைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நோய் மாறினாலும் பெரும்பாலானவர்களுக்கு அது சாகும்வரை பொசிட்டிவ்தான். உங்கட கையில பிசிஜி தழும்பு இருக்குதானே, அது மாதிரி” என்றார். பார்க்க வேண்டியது வீடிஆர்எல் இலக்கம். ஒரு துண்டுக் கடதாசியில் 32, 16, 8, 4 என்று மேலிருந்து கீழே எழுதினார். ஒவ்வொன்றும் ஒரு படி. ஒரு படி கூடிக் குறைவதைக் கணக்கில் எடுக்க முடியாது, பரிசோதனையிலேயே அந்தளவு வித்தியாசம் வரும். இரண்டு படி, அதாவது நாலு மடங்கு இறங்கினால்தான் மருந்து வேலை செய்திருக்கிறது. இரண்டு படி ஏறினால் திரும்பத் தொற்றியிருக்கலாம், அல்லது மருந்து போதவில்லை. சிலருக்கு மாறிய பிறகும் சின்ன இலக்கம் ஒன்று வருடக்கணக்கில் நிற்குமாம், அதுவும் பயப்படுகிற விஷயம் இல்லை. டவுன் லாப் தராமல் விட்டது இந்த இலக்கத்தைத்தான்.

மெடிக்கலில் எனக்கு வீடிஆர்எல் 1:32, அதாவது அந்தக் கடதாசியில் எழுதின 32. கிளினிக்கில் எடுத்தபோது 1:16. ஒரு படிதான். எத்தனை ஊசி என்று கேட்டார், ஒன்று என்றேன். எப்போது தொற்றியது என்று தெரியாத சிபிலிஸுக்கு பென்சத்தீன் பெனிசிலின் 24 இலட்சம் யூனிட், கிழமைக்கு ஒன்றாக மூன்று முறை போட வேண்டுமாம். என் பயத்தில் பாதி நியாயம் இருந்திருக்கிறது. டொக்சிசைக்கிளின் பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு. அதுவும் என் நிலைமைக்கு 28 நாள் குடிக்க வேண்டும் என்றார்.

ஊசி இரண்டு பக்கப் பிட்டத்திலும் பிரித்துப் போடுவார்கள். நோகும், பொய் சொல்ல மாட்டேன். மிஸி மருந்தை மெதுவாகத்தான் ஏற்றினா. எழும்பின பிறகு சும்மா இருக்காமல் நடக்கச் சொன்னா.

மனைவியையும் வரச் சொன்னார்கள். என்னை வெளியே இருத்திவிட்டு அவவோடு தனியாகப் பேசினார்கள், இது எனக்கு மிகவும் பிடித்தது. கடைசிப் பிள்ளை வயிற்றில் இருந்தபோது கர்ப்பிணிக் கிளினிக்கில் எடுத்த இரத்தம் சுத்தம் என்பது அவவின் அட்டையில் இருந்தது. இலங்கையில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சிபிலிஸ் இருக்கிறதா என்று இரத்தம் பார்ப்பார்கள். தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்ஐவியும் சிபிலிஸும் போவதை ஒழித்ததற்காக 2019இல் உலக சுகாதார நிறுவனம் நாட்டுக்குச் சான்றிதழ் கொடுத்தது. இப்போதும் அவவுக்கு நெகட்டிவ். ஆனாலும் மூன்று மாதம் கழித்துத் திரும்பவும் பார்த்துத்தான் விட்டார்கள்.

எனக்கு இப்போது 1:4. டிபிஎச்ஏ இன்னும் பொசிட்டிவ்தான், நான் நித்திரை கொள்கிறேன்.

போகிறவர்கள் பழைய ரிப்போட் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள், என்ன ஊசி எத்தனை போட்டது என்ற விபரத்தோடு. பிறகு இரத்தம் பார்ப்பதையும் அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். வேறு வேறு லாப்பின் இலக்கங்களை நம்பி ஒப்பிட முடியாது. கல்முனை, அம்பாறைப் பக்கத்து ஆட்களுக்கு அங்கேயும் இதே கிளினிக் இருக்கிறது, மட்டக்களப்புக்கு வந்து அலைய வேண்டியதில்லை.