அமெரிக்க வெளியுறவு ஆவணங்கள் சைட்: பிரிட்டிஷ் கயானா பகுதியைப் படிச்சுட்டு ஒரு ரிவியூ

அமெரிக்க வெளியுறவுத் துறையோட வரலாற்று அலுவலகம் ஹிஸ்டரி டாட் ஸ்டேட் டாட் கவ்னு ஒரு சைட் நடத்துது. 1861ல, லிங்கன் காலத்துல ஆரம்பிச்ச ஆவணத் தொகுதி வரிசையை அதுல ஏத்தி வெச்சிருக்காங்க, காசு கிடையாது, லாகின் கிடையாது, மின்நூலா டவுன்லோடும் பண்ணிக்கலாம். நான் ரொம்ப நேரம் உக்காந்து படிச்சது 1961-63க்கான 12வது தொகுதியில பிரிட்டிஷ் கயானா (தென் அமெரிக்காவுல இருந்த பிரிட்டிஷ் காலனி, இன்னிக்கு கயானா) பகுதி, அதைப் படிச்சப்புறம்தான் இந்த ரிவியூவை எழுதியே ஆகணும்னு தோணுச்சு.

கூட்டாளி நாடு ரெண்டு ஒரு காலனியோட சுதந்திரத்தை வெச்சு உள்ளுக்குள்ள எப்படி முட்டிக்கிட்டாங்கன்னு அவங்க எழுதின கடுதாசியிலயே பாக்கலாம். 1961ல அந்தக் காலனியில நடந்த தேர்தல்ல இடதுசாரித் தலைவர் செட்டி ஜகன் ஜெயிச்சுட்டாரு, அக்டோபர்ல வாஷிங்டன் போய் கென்னடியைப் பாத்தாரு, அவர் கம்யூனிஸ்ட்டா இல்லையான்னு அமெரிக்காவுக்கு சந்தேகம் தீரலை. 1962 பிப்ரவரியில தலைநகர் ஜார்ஜ்டவுன்ல கலவரம் வந்து கடைங்க எரிஞ்ச கையோட, 19ஆம் தேதி அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ரஸ்க், பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் ஹோமுக்கு எழுதறாரு: ஜகன் கையில ஒரு சுதந்திர பிரிட்டிஷ் கயானாவை எங்களால பொறுத்துக்க முடியாதுன்னு. ஒரு வாரத்துல ஹோமோட பதில் வருது. காலனிகளுக்கு விடுதலை குடுங்கன்னு இத்தனை வருஷமா முன்னாடி நின்னு சொன்னதே நீங்கதானே, ஜனநாயகத்துல ஜெயிச்ச ஆளை வராம பண்றது எப்படின்னு நீங்களே சொல்லுங்கன்னு கேக்குறாரு. இந்த ரெண்டையும் அடுத்தடுத்து படிங்க, எந்தப் பாடப்புத்தகமும் இதைக் குடுக்காது.

ஆனா கடைசியில பிரிட்டன்தான் இறங்கி வந்துச்சு. 1963ல தேர்தல் முறையை, வாங்கின ஓட்டோட அளவுக்குத் தகுந்தபடி சீட் குடுக்குற விகிதாச்சாரத்துக்கு மாத்தினாங்க, 1964 டிசம்பர் தேர்தல்ல ஜகன் கட்சி 53ல 24 சீட்டோட பெரிய கட்சியா வந்தும் அவரோட போட்டித் தலைவர் பர்ன்ஹாம் கூட்டணி சேத்து ஆட்சிக்கு வந்தாரு, 1966 மே 26ல சுதந்திரம். இந்த மிச்சக் கதைக்கு 1964-68க்கான 32வது தொகுதியையும் எடுத்துக்கோங்க, கயானா பகுதியோட ஆரம்பத்துலயே ஒரு குறிப்பு இருக்கு, 1962ல இருந்து 1968 வரைக்கும் அங்க ரகசிய வேலைக்கு சுமார் 20.8 லட்சம் டாலர் ஒதுக்கினோம்னு அரசே ஒத்துக்குது. ஒரு அரசாங்கம் தன்னைப் பத்தி தானே இப்படி அச்சுல போடறது பெரிய விஷயம், அதுக்கு மனசார பாராட்டணும்.

குறைன்னா முதல்ல மறைப்பு. சரியா முக்கியமான இடத்துல அடைப்புக்குறிக்குள்ள ஒரு வரிக்கும் குறைவா வெளியிடப்படலைன்னு சாய்வெழுத்துல வரும், சில இடத்துல பத்தி பத்தியா போயிருக்கும், எனக்கு அங்கல்லாம் ஆத்திரமா வந்துச்சு. அப்புறம் ஒரிஜினல் தாளோட ஸ்கேன் இல்ல, டைப் பண்ண எழுத்துதான், ஓரத்துல கையால எழுதினதெல்லாம் அடிக்குறிப்புல சொல்லியிருந்தாதான் உண்டு. சர்ச்சுல ஜகன் பேரைப் போட்டா எக்கச்சக்கமா வந்து கொட்டுது, அதனால பொருளடக்கம் வழியா போறதுதான் சுலபம்.

இதை விடப் பெரிய குறை, அந்த ஊர் ஜனங்க குரல் இதுல அனேகமா இல்லவே இல்ல. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியா இந்தியாவுல இருந்து போனவங்க, அதுல மெட்ராஸ்ல கப்பல் ஏறினவங்களும் உண்டு, மாரியம்மனை இன்னிக்கும் அங்க கும்பிடறாங்க, அவங்க பேரன் பேத்தி போட்ட ஓட்டைப் பத்தித்தான் ரெண்டு தலைநகரமும் பேசுது, அவங்களை யாரும் கேக்கலை. பிரிட்டன் உள்ளுக்குள்ள என்ன பேசிக்கிட்டாங்கன்னு தெரியவும் லண்டன்ல கியூங்கிற இடத்துல இருக்கிற பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்துக்குத்தான் போகணும்.

காலனி விடுதலை வரலாறுல ஆர்வம் இருக்கிற யாரா இருந்தாலும் கண்டிப்பா படிங்க. மின்நூலை இறக்கிட்டு, முன்னாடி இருக்கிற ஆட்கள் பட்டியலையும் சுருக்கெழுத்துப் பட்டியலையும் பக்கத்துல தொறந்து வெச்சுக்கோங்க, அது இல்லாம யார் யாருக்கு எழுதறாங்கன்னே பிடிபடாது.