குரல் பதிவுக்கு எந்த மென்பொருள்? என் ஓட்டு ஆடாசிட்டிக்கு

குரலைப் பதிவு செய்ய வேண்டும், பின்னால் ஓடும் ஃபேன் சத்தம் குறைய வேண்டும், அவ்வளவுதான் தேவை என்றால் ஆடாசிட்டியைப் போட்டுக்கொள்ளுங்கள். இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், 2000ஆம் ஆண்டிலிருந்து புழக்கத்தில் இருப்பதால் எங்கே மாட்டிக்கொண்டாலும் யாராவது பதில் எழுதி வைத்திருப்பார்கள். பார்க்க அழகாக இருக்கிறது என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

இதன் இரைச்சல் நீக்கம் இரண்டு கட்டமாக நடக்கும். பேசத் தொடங்கும் முன் சில விநாடி வாயை மூடிக்கொண்டு ரெக்கார்டிங்கை ஓடவிடுங்கள். அந்த வெற்றுப் பகுதியைத் தேர்ந்தெடுத்து, நாய்ஸ் ரிடக்‌ஷனைத் திறந்து, 'கெட் நாய்ஸ் புரொஃபைல்' அழுத்தினால் எதை இரைச்சல் என்று எடுத்துக்கொள்வது என அதற்குத் தெரிந்துவிடும். அப்புறம் முழுப் பதிவையும் தேர்ந்தெடுத்து அதே பெட்டியை மறுபடி திறந்து ஓகே கொடுக்க வேண்டும். இங்கேதான் பலரும் எவ்வளவு குறைக்க வேண்டும் என்ற டெசிபல் அளவை இஷ்டத்துக்கு ஏற்றிவிடுகிறார்கள். ச, ஸ, ஷ எல்லாம் பாதி காற்றுச் சீறல்தானே, மென்பொருள் அதையும் இரைச்சல் கணக்கில் சேர்த்து அரித்துவிடும், மிஞ்சும் குரல் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போல இருக்கும். 6 முதல் 12 டெசிபலுக்குள் நிறுத்திக்கொண்டால் பெரும்பாலும் போதும், லேசாக ஃபேன் கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும். அதே பெட்டியில் 'ரெசிட்யூ' என்று ஒன்று உண்டு, எனக்கு ஆடாசிட்டியிலேயே ரொம்பப் பிடித்தது அதுதான்: வெட்டப்போகும் சத்தத்தை மட்டும் தனியாகக் கேட்கலாம். அதில் உங்கள் பேச்சு முணுமுணுப்பாகக் காதில் விழுந்தால் அளவுக்கு மீறி வெட்டுகிறீர்கள். கேட்டுப் பார்த்ததும் மறக்காமல் பழைய தேர்வுக்கு மாற்றிவிடுங்கள்.

பெரிய குறை, இந்த எஃபெக்ட் ஒலியையே நேரடியாக மாற்றிவிடும். அதனால் டிராக்கை ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். கம்ப்ரஸர் (மெல்லிய, உரத்த சத்தங்களுக்கு இடையிலான வித்தியாசத்தைக் குறைக்கும் எஃபெக்ட்) போடுவதாக இருந்தால் இரைச்சல் நீக்கத்துக்குப் பிறகு போடுங்கள், முன்னால் போட்டால் இரைச்சலும் சேர்ந்து எழும்பும்.

பல மைக், பல டிராக், பின்னணி இசை என்று வேலை பெருகினால் ரீப்பர் சரியாக இருக்கும். 60 நாள் எல்லா வசதியோடும் ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்கலாம். அதிலுள்ள ரியாஃபிர் என்ற எஃபெக்ட், மூலப் பதிவைத் தொடாமல் ஓடும்போதே இரைச்சலைக் கழிக்கும், ஆனால் இரைச்சல் மாதிரி எடுக்கப் போட்ட டிக்கை, எடுத்து முடித்ததும் நீக்காவிட்டால் உங்கள் குரலையும் இரைச்சலாகப் படித்துக்கொண்டே இருக்கும். பழக நாளாகும், மெனுக்கள் ஏராளம். ஒரே ஃபைலை வெட்டி ஒட்டுவது மட்டும் என்றால் ஓசன்ஆடியோ இன்னும் எளிது, அதுவும் இலவசம்தான்.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், புரொஃபைல் எடுத்துக் கழிக்கும் இந்த வழி சீராக ஓடும் சத்தத்துக்கு மட்டும்தான். நாய்க் குரைப்பு, ஹாரன், வெற்று அறையின் எதிரொலி எதுவும் இதில் போகாது. எதிரொலிக்கு ஐசோடோப் ஆர்எக்ஸில் தனிக் கருவி இருக்கிறது. அது காசு கொடுத்து வாங்கும் மென்பொருள், பதிவு செய்வதே தொழிலாக இல்லாதவர்கள் அதற்குப் போகும் முன் மைக்கை வாய்க்கு ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டுவந்து, சுற்றிலும் கனமான போர்வை தொங்கவிட்டுப் பார்க்கலாம்.