வளையிறதெல்லாம் தின்ஃபிலிம் இல்லை: காவல் கொட்டிலுக்கு வாங்கின சோலார்

முல்லைத்தீவில முத்தையன்கட்டுக் குளத்துக்குக் கீழ எங்களுக்கு வயல். காலபோகத்தில கதிர் பால் பிடிச்சால் ஆனைக்கும் பன்றிக்கும் இரவு முழுக்கக் காவல் இருக்கவேணும். கொட்டிலுக்கு லைற், போன் சார்ஜ், ஆனைக்கு அடிக்கிற பெரிய ரோச், இவ்வளவுதான் தேவை. கண்ணாடிப் பனலை அந்தக் கிடுகுக் கூரை தாங்காது. தாங்கினாலும் குரங்கு விடாது. வெட்டு முடிய அதைக் கழட்டிச் சைக்கிளில வீட்டை கொண்டு போறது இன்னொரு பாடு.

அதால 2 வருசத்துக்கு முதல் ரவுன் கடை ஒண்டில வளையிற பனல் ஒண்டு வாங்கினன். 100 வாற், 24,000 ரூபா. "இது தின்ஃபிலிம் அண்ணை, புதுசு" எண்டு சொல்லித் தந்தவை. தின்ஃபிலிம் எண்டால் வெயிலைப் பிடிக்கிற படை மிச்சம் மெல்லிசா இருக்கிற வகை. தகரத் துண்டு ஒண்டில பசை போட்டு ஒட்டினன். அடுத்த சிறுபோகத்துக்குள்ள ஒரு சதுரத்தில மண்ணிற வட்டம் வந்தது, பிறகு மேல் பிளாஸ்ரிக் அப்பளம் மாதிரிப் பொங்கிச்சு. கொண்டு போய்க் காட்ட, நான் ஒட்டினது பிழையாம், வாரன்ரி இல்லையாம்.

பிழை எனக்கும் இருக்கு, ஒத்துக்கொள்ளுறன். கீழால காத்துப் போக இடம் விடேல்லை. ஆனால் அது தின்ஃபிலிமே இல்லை! மூலை வெட்டின கறுப்புச் சதுரங்கள் தனித்தனியாத் தெரிஞ்சால், அது கண்ணாடிப் பனலுக்குள்ள இருக்கிற அதே சிலிக்கன் தகடு. கண்ணாடிக்குப் பதிலாப் பிளாஸ்ரிக்குக்குள்ள வைச்சு விக்கினம். அந்தத் தகடு 150, 180 மைக்ரோன் தடிப்பு, வளைக்க வளைக்க உள்ளுக்குள்ள வெடிக்கும். வெடிச்ச இடம் சூடாகி எரியும். என்ர மண்ணிற வட்டம் அதுதான்.

உண்மையான தின்ஃபிலிமில வெயிலைப் பிடிக்கிற படை ஏறக்குறைய 2 மைக்ரோன்தான். தலைமயிரின்ர தடிப்பில முப்பதில ஒரு பங்கு கூட வராது. அதை மெல்லிய உலோகத் தாளில அல்லது பிளாஸ்ரிக் தாளில படிய விடுவினம், அதால சுருட்டலாம். இன்னொரு பக்கத்தையும் சொல்லவேணும்: தின்ஃபிலிம் எல்லாம் வளையும் எண்டும் இல்லை. அமெரிக்காவில ஃபெர்ஸ்ற் சோலார் காட்மியம் ரெலூரைட்டில செய்யிற பெரிய பனல்கள் கண்ணாடிதான். நாங்கள் பள்ளிக்கூடத்தில வைச்சிருந்த சோலார் கல்குலேற்றரிலயும் தின்ஃபிலிம்தான் இருந்தது, அது சிலிக்கனிலயே வேற வகை.

இப்ப கொட்டிலில இருக்கிறது ரொறன்ரோவில இருந்து அக்கான்ர மகன் கொண்டு வந்தது. செம்பு, இந்தியம், காலியம், செலனியம் சேர்ந்த வகை, சிக்ஸ் (CIGS) எண்டு சொல்லுவினம். 60 வாற். காட்போட் குழலுக்குள்ள பாய் மாதிரிச் சுருட்டி சூட்கேசுக்குள்ள வந்தது. விலை கேட்டால் "விடுங்கோ மாமா" எண்டான். பில் குழலுக்குள்ளயே கிடந்தது: 280 டொலர். அந்தக் காசுக்கு இங்க கண்ணாடிப் பனல் மூண்டு, நாலு வாங்கலாம்.

இனி அளவு. தொண்ணூறுகளில வன்னிக்குள்ள பற்றரி வரவிடாத காலத்தில சைக்கிளைக் கவிட்டு, டைனமோ சுத்தி ரேடியோவில செய்தி கேட்ட ஆள் நான். ஒரு அம்பியரையும் சும்மா விடமாட்டன். பங்குனி உச்சி வெயிலில மீற்றர் வைச்சுப் பாத்தன்: 13.2 வோல்றில 3.2 அம்பியர், அதாவது 42 வாற். 60 எங்க எண்டு கேப்பியள். அந்த 60, பனல் 25 பாகையில இருக்கேக்க சதுர மீற்றருக்கு 1000 வாற் வெயில் விழுந்தால் வாறது. எங்கட வெயிலில பனல் 60 பாகைக்கு மேல கொதிக்கும், சூடு கூடக் கூட வாற் குறையும். மிச்சத்தை நான் வாங்கின மலிவுக் கொன்ட்ரோலர் (பனலுக்கும் பற்றரிக்கும் இடையில சார்ஜைக் கட்டுப்படுத்திற பெட்டி) திண்டிட்டுது, அது பனலில குற்றம் இல்லை. லைற் ரெண்டுக்கும் போன் மூண்டுக்கும் இது தாராளம். மார்கழி மழையில மூண்டு நாள் மூடினால் ரோச்சுக்கு மட்டும்தான் காணும்.

நிழல் விசயத்தை ஆரும் எனக்குச் சொல்லித் தரேல்லை. தகட்டில கொப்பி ரூள் மாதிரி மெல்லிய கோடுகள் நீளப்பாட்டுக்கு ஓடுது. ரெண்டு கோட்டுக்கு இடையில உள்ள கீற்று ஒவ்வொண்டும் ஒரு கலம், எல்லாம் ஒண்டுக்குப் பின்னால ஒண்டு தொடுத்திருக்கு. காலமை எட்டரைக்குக் கொட்டில் கப்பின்ர நிழல் ஒரு கீற்றுக்கு மேல நீளமா விழ, 1.4 அம்பியர் 0.3க்கு இறங்கிச்சு. தகட்டைக் கால்வட்டம் திருப்பி வைச்சன், அதே நிழல் எல்லாக் கீற்றையும் குறுக்க வெட்டிச்சு. 1.2! ஒரே வாய்க்காலில வரிசையா இருக்கிற துருசுகளில ஒண்டை முழுசாப் பூட்டினால் கீழ தண்ணி இல்லை. எல்லாத்தையும் கொஞ்சம் இறக்கினால் கொஞ்சம்தானே குறையும்.

குறை சொல்லுறதெண்டால், வயர் வாற பெட்டி தகட்டின்ர நீளப்பக்கத்தில இருக்கு. சுருட்டேக்க அந்த இடம் மடங்கப் பாக்குது. இந்த வகைக்கு ஈரம் உள்ள போனால் ஆபத்து, அதால ஓரத்துக்கும் பெட்டிக்கும் சிலிக்கோன் பசை பூசியிருக்கிறன். மயில் எச்சத்தை ஈரத்துணியால துடைக்கலாம், தேங்காய்ப் பொச்சு போடாதேங்கோ, கீறும். குரங்கு ரெண்டு தரம் குதிச்சது, ஒண்டும் ஆகேல்லை.

வீட்டுக் கூரைக்கு இதை வாங்கச் சொல்லமாட்டன். இடமும் பாரம் தாங்கிற மரமும் இருந்தால் கண்ணாடிப் பனல்தான், அரைவாசிக் காசும் போகாது. வள்ளத்துக்கு, ரக்ரர் கூடாரத்துக்கு, என்னைப் போல கொட்டிலுக்கு எண்டால் தாராளமா வாங்கலாம். ஆவணியில மருமகன் திரும்ப வாறான். பெட்டி குறுக்குப் பக்கத்தில இருக்கிறதாப் பாத்து இன்னொண்டு கொண்டு வரச் சொல்லியிருக்கிறன், இந்த முறை காசை முதலே அனுப்பிப்போட்டன்.