கரட்டா, கீரையா? வெள்ளவத்தைச் சந்தையில் ஒரு கணக்கு

சனிக்கிழமை காலையில் கொழும்பு வெள்ளவத்தைச் சந்தையில் பைகள் எந்த வரிசையில் நிறைகின்றன என்று பாருங்கள். முதலில் நுவரெலியாப் பக்கமிருந்து வந்த கரட், லீக்ஸ், போஞ்சி, கோவா. பிறகு கிழங்கு, வெங்காயம். கடைசியில், கையில் மிஞ்சிய சில்லறைக்கு ஒரு பிடி கீரை. பல வீடுகளில் அதுவும் இல்லை. இந்த வரிசை தலைகீழாக வேண்டும் என்று பல நாளாக எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

கரட்டைக் குறை சொல்ல வரவில்லை. விற்றமின் ஏ என்று பார்த்தால் அதை வெல்லக்கூடிய மரக்கறிகள் குறைவு. 100 கிராம் பச்சைக் கரட்டில் சுமார் 835 மைக்ரோகிராம் கிடைக்கிறது. வளர்ந்த பெண்ணுக்கு ஒரு நாளைக்குத் தேவையானது 700. பூசணியில் இதில் பாதியளவுதான், ஏறக்குறைய 426. ஆனால் நம் வீடுகளில் கரட் இரண்டு கரண்டிச் சம்பலாகத் தட்டில் ஓரமாக இருக்கும். பூசணியோ பால்கறியாகிக் கிண்ணம் நிறைய வரும். உண்ணும் அளவைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் இரண்டும் ஏறத்தாழச் சமமாகிவிடுகின்றன. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: இந்தச் சத்து கொழுப்போடு சேர்ந்தால்தான் உடலில் நன்றாக ஊறும். பூசணிக்குத் தேங்காய்ப்பால் விட்ட நம் பாட்டிமார் அந்த வேலையைச் செய்துவிட்டார்கள். கரட்டைப் பச்சையாகக் கடிப்பதைவிடத் தேங்காய்ப்பூ போட்டு வறையாக்கினால் கூடுதல் பயன் உண்டு. விலை ஏறிய வாரங்களில் கரட் வாங்க முடியவில்லையே என்று யாரும் வருந்த வேண்டியதில்லை, பூசணி இருக்கிறது.

முருங்கையிலையின் பக்கத்தில் வைத்தால்தான் கரட் தோற்கிறது. 100 கிராம் கரட்டில் கல்சியம் 33 மில்லிகிராம், முருங்கையிலையில் 185. இரும்புச்சத்து கரட்டில் 0.3 மில்லிகிராம், இலையில் 4. புரதம் ஒரு கிராமுக்கும் குறைவு ஒருபுறம், ஒன்பது கிராமுக்கு மேல் மறுபுறம். இலையை 100 கிராம் ஒரே நேரத்தில் யாரும் உண்பதில்லை என்பது உண்மைதான். அதில் கால்வாசி உண்டாலும் கரட் எட்டாத இடத்தில் அது நிற்கிறது.

அப்படியானால் ஏன் வாங்குவதில்லை? ஆய வேண்டுமே. தொடர்மாடி வீட்டில் வேலை முடிந்து ஏழு மணிக்கு வந்து, ஈர்க்கிலிருந்து ஒவ்வோர் இலையாக உருவுவது சின்ன வேலையில்லை. எங்கள் அம்மா முதல்நாள் இரவே முருங்கைக் கொத்தை ஒரு பழைய துணியில் இறுகச் சுற்றி வைத்துவிடுவார். காலையில் உதறினால் இலை பெரும்பாலும் தானே உதிர்ந்துவிடும். மிஞ்சிய ஈர்க்கை மட்டும் பொறுக்கினால் போதும்.

அந்த அம்மாவுக்கே ஒருமுறை இரத்தத்தில் ஈமோகுளோபின் குறைந்தது. மாதக்கணக்காகக் கீரை உண்டும் எண்ணிக்கை நகரவில்லை. பரிசோதித்த மருத்துவர் கேட்டது ஒரே கேள்வி: "சாப்பிட்டவுடன் பிளேன்ரீ குடிப்பீர்களா அம்மா?" குடிப்பார், தவறாமல். தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருள் கீரையின் இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. உடல் எடுக்க முடிவதில்லை. தேசிக்காய்ப் புளியில் உள்ள விற்றமின் சி இதற்கு நேர்மாறாக உதவுகிறது. அன்றிலிருந்து தேநீர் ஒரு மணி நேரம் தள்ளிப்போனது, மருத்துவர் தந்த இரும்பு மாத்திரையும் சேர்ந்தது, வல்லாரைச் சம்பலுக்குத் தேசிக்காய் தாராளமானது. சில மாதங்களில் எண்ணிக்கை ஏறியது.

வல்லாரையா, பொன்னாங்காணியா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: சம்பலுக்கு வல்லாரை, வறைக்குப் பொன்னாங்காணி. வல்லாரையைப் பச்சையாக உண்பதால் விற்றமின் சி அழிவதில்லை. பச்சையாக உண்பதனாலேயே அதைப் பல தண்ணீரில் அலச வேண்டும். கங்குனில் மட்டும் எனக்குத் தயக்கம் உண்டு. நீரில் வளரும் செடி, நீரில் இருக்கும் ஈயம் போன்ற உலோகங்களையும் உறிஞ்சிக்கொள்ளும். கழுவினால் அது போகாது. எந்த நீர்நிலையில் வளர்ந்தது என்று தெரிந்த இடத்தில் மட்டும் வாங்குகிறேன்.

கோவாவும் பாகற்காயும் சுருக்கமாக. விற்றமின் சி கோவாவில் 100 கிராமுக்கு 36 மில்லிகிராம் அளவு, பாகற்காயில் 84. இரண்டையும் தண்ணீரில் அவித்து வடித்தால் அந்தச் சத்தில் கணிசமான பங்கு வடிநீரோடு போய்விடும். நீரிழிவுக்காரர்கள் பாகற்காயை உண்ணலாம், மாத்திரையை நிறுத்தக் கூடாது.

லீக்ஸில் வெள்ளைத் தண்டைவிடப் பச்சை இலைப்பகுதியில் சத்து அதிகம், அதை வெட்டி எறிய வேண்டாம். இலை மடிப்புகளில் செம்மண் ஒளிந்திருக்கும், விரித்துக் கழுவ வேண்டும். பீற்றூட்டில் ஃபோலேட் என்ற பி வகை விற்றமின் நிறைய உண்டு, இரத்த அழுத்தத்தையும் சற்றுக் குறைக்கும். சிறுநீரகக் கல் வந்தவர்கள் அதைக் குறைத்துக்கொள்வது நல்லது.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, பழமும் மரக்கறியுமாக நாளுக்கு 400 கிராம். கொழும்பில் மதியம் வாங்கும் சோற்றுப் பார்சலைப் பிரித்துப் பாருங்கள். சோறு மலைபோல் இருக்கும், மரக்கறி மூன்று கரண்டி. வீட்டிலிருந்து ஒரு சிறு டப்பாவில் சம்பல் கொண்டுபோக முடிந்தவர்கள் கொண்டுபோகட்டும்.

கீரையை இவ்வளவு தூக்கிப் பிடித்தபின் ஓர் எச்சரிக்கையை விடக் கூடாது. இதயத்துக்காக, இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் திடீரெனக் கீரையைக் கூட்டவோ நிறுத்தவோ கூடாது. கீரையின் விற்றமின் கே அந்த மருந்தின் வேலையை மாற்றிவிடும். தினமும் ஒரே அளவாக உண்டு, அந்த அளவை மருத்துவரிடம் சொல்லிவைக்க வேண்டும். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்குப் பொற்றாசியத்தால் கீரை, பூசணி இரண்டுமே சிக்கல் தரலாம்; அவர்களுக்கு மேலே போட்ட கணக்கு எதுவும் பொருந்தாது, மருத்துவர் எழுதிக் கொடுத்த பட்டியல்தான் பொருந்தும்.