டால்பின் பார்க்கச் சின்னக் குழந்தைகளோடு படகு ஏறுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

மூன்று நான்கு வயதுக்குள் இருக்கும் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு கடலுக்குள் டால்பின் பார்க்கப் போகலாம் என்று யோசிப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படியுங்கள். நாங்கள் பணத்தைக் கட்டிவிட்டுத்தான் பாடம் படித்தோம்.

மகளுக்கு மூன்றரை வயது, மகனுக்கு 20 மாதம். மகளுக்கு டால்பின் என்றால் உயிர். சரி, நிஜத்தில் ஒருமுறை காட்டிவிடலாமே என்று போனில் கேட்டேன். "கைக்குழந்தையே வருது மேடம், தாராளமா கூட்டிட்டு வாங்க" என்றார் புக்கிங் எடுத்தவர். விளம்பரப் படத்தில் கூரை போட்ட பெரிய படகு, இரண்டு பக்கமும் உயரமான கம்பித் தடுப்பு. காலை 7 மணிக்குக் கிளம்பினால் ஒன்றரை மணி நேரத்தில் கரைக்கு வந்துவிடலாம், டால்பின் கண்ணில் படாவிட்டால் முழுப் பணமும் வாபஸ். இதில் ஒன்றுகூட நடக்கவில்லை.

7 மணிக்குப் போய் நின்றால் ஆள் சேரவில்லை, இதோ அதோ என்று 11 மணி ஆக்கினார்கள். இதை வெறும் தாமதம் என்று நினைக்காதீர்கள். வெயில் ஏற ஏறத் தரை சூடாகி, கடலிலிருந்து காற்று கிளம்பும். காலையில் கண்ணாடி மாதிரி கிடந்த தண்ணீர் மதியத்துக்குள் வெள்ளை நுரை தள்ள ஆரம்பித்துவிடும். படகு ஆடுவது ஒரு பக்கம் இருக்கட்டும், அத்தனை நுரைக்கு நடுவே ஒரு டால்பினின் முதுகுத் துடுப்பைப் பெரியவர்களே தேடித்தான் பிடிக்க வேண்டும். காலை நேரத்துக்கு என்று பணம் வாங்கிக்கொண்டு மதியத்துக்குத் தள்ளினால், நாம் வாங்கியது வேறு, அவர்கள் கொடுப்பது வேறு.

படகு வந்தது. பெரிய போட் ரிப்பேராம். கூரை இல்லாத சின்ன வேகப்படகு, பக்கவாட்டுத் தடுப்பு என் முழங்கால் உயரம். அப்போதே திரும்பியிருக்க வேண்டும்.

அடுத்தது லைஃப் ஜாக்கெட். இந்தப் பதிவை எழுதுவதே முக்கியமாக இதற்காகத்தான். எல்லோருக்கும் ஒரே அளவு ஆரஞ்சு ஜாக்கெட். மகனுக்குப் போட்டுவிட்டபோது அது அவன் முழங்காலைத் தொட்டது. பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தும் என் கை உள்ளே தாராளமாகப் போய் வந்தது. உள்பக்கம் ஒரு வெள்ளைத் துணி லேபிள், உப்பில் பாதி அழிந்திருந்தது, ஆனால் 40 கிலோவுக்கு மேல் என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அவன் எடை 11 கிலோ. தோள்பட்டை இரண்டையும் பிடித்து மெல்லத் தூக்கிப் பார்த்தேன், ஜாக்கெட் மட்டும் மேலே வந்தது, இவன் முகம் அதற்குள் மறைந்துபோனது. விளையாட்டு என்று நினைத்து உள்ளேயிருந்து சிரிக்கிறான். "அண்ணா, சின்ன சைஸ் இல்லையா?" என்று கேட்டதற்கு, "மடியில கெட்டியா பிடிச்சுக்கோங்க மேடம், இதுவரைக்கும் ஒண்ணும் ஆனதில்ல" என்று பதில்.

நான் அப்போது செய்தது உண்மையிலேயே ஜாக்கெட்டைச் சோதிக்கும் முறை என்று பிறகுதான் தெரிந்தது. பெல்ட்டை இறுக்கிய பிறகு தோள்பட்டையைப் பிடித்துத் தூக்க வேண்டும். தாடையும் காதும் உள்ளே போகிற அளவுக்கு ஜாக்கெட் ஏறினால் அது அந்தக் குழந்தைக்கானது இல்லை. தண்ணீரில் விழுந்தாலும் இதேதான்: ஜாக்கெட் மிதக்கும், குழந்தை அதிலிருந்து நழுவிவிடும். சின்னக் குழந்தைகளுக்கான ஜாக்கெட்டே வேறு மாதிரி இருக்கும். உடம்போடு ஒப்பிட்டால் அவர்களுக்குத் தலை கனம் என்பதால் தலையைத் தாங்க ஒரு காலர், ஜாக்கெட் மேலே ஏறாமலிருக்கக் கால்களுக்கு நடுவே ஒரு பட்டை, விழுந்தால் சட்டென்று பிடித்துத் தூக்கக் கழுத்துக்குப் பின்னால் ஒரு கைப்பிடி. எத்தனை கிலோ எடைக்கு என்று உள்ளே எழுதியிருக்கும், வயதை வைத்து வாங்குகிற சாமான் இல்லை அது.

அப்புறம் ஏன் ஏறினாய் என்று கேட்பீர்கள். நான்கு மணி நேரம் காத்திருந்தாயிற்று, பணம் போயாயிற்று, மகள் குதித்துக்கொண்டிருக்கிறாள், மற்றவர்கள் எல்லாம் ஏறி உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பார்வைக்குக் கூச்சப்பட்டு ஏறினேன். இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

குழந்தைகளுக்கு நன்றாகத் தெரியட்டும் என்று எங்களை முன்னால் உட்காரவைத்தார்கள், பெரிய உபகாரம் செய்வதுபோல. படகில் அதிகமாகத் தூக்கிப் போடுவது முன்பக்கம்தான், நடுவில் தாழ்வாக உட்கார்ந்தால் ஆட்டம் குறைவு. கிளம்பிக் கால் மணி நேரத்தில் மகள் வெளுத்துப்போய் வாந்தி எடுத்தாள். மகனுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு வயதுக்குக் கீழே கடல் குமட்டல் அவ்வளவாக வராது, அதற்கு மேல்தான் ஆரம்பிக்கும் என்று எங்கள் குழந்தை டாக்டர் பிற்பாடு சொன்னார். உள்காது ஆடுகிறோம் என்கிறது, மடியில் முகம் புதைத்த குழந்தையின் கண் ஆடவில்லை என்கிறது, இந்தக் குழப்பத்தில் வருவதுதான் குமட்டல். தூரத்தில் கடலும் வானமும் சேரும் கோட்டைப் பார்க்கச் சொன்னால் கொஞ்சம் அடங்கும். மூன்றரை வயதுக் குழந்தையிடம் கோட்டைப் பார் என்று சொல்லிப் பாருங்கள்!

அப்போது படகுப் பையன் சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து, இரண்டு பேருக்கும் பாதிப் பாதி கொடுங்கள் என்று நீட்டினான். நல்லவேளை வாங்கவில்லை. குமட்டலுக்குக் கொடுக்கும் மருந்துகளில் புரோமெத்தசின் என்று ஒன்று இருக்கிறது, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது, மூச்சே அடங்கிப்போகும் ஆபத்து உண்டு என்றார் அதே டாக்டர். பையன் நீட்டியது என்ன மருந்தோ, எனக்குத் தெரியாது. அவனுக்கும் தெரிந்திருக்காது.

திரும்பிவிடலாம் என்று கேட்டோம். மற்றவர்களும் பணம் கட்டியிருக்கிறார்களே என்றார் ஓட்டுபவர். நியாயம்தான், ஆனால் இதை ஏறும் முன்பு சொல்லவில்லை. ஒன்றரை மணி நேரம் என்றது கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் ஆனது, நிழல் இல்லை, கழிப்பறை இல்லை.

டால்பின் வந்ததா? வந்தது என்றுதான் அவர்கள் கணக்கு. தூரத்தில் ஒரு கூட்டம் தெரிந்ததும் எஞ்சினை முறுக்கி நேராக அவற்றின் நடுவே விட்டார், இன்னும் இரண்டு படகுகள் அந்தப் பக்கமிருந்து வந்தன. கூட்டம் முங்கியது, அவ்வளவுதான். ஒழுங்காகச் செய்கிறவர்கள் வேகத்தைக் குறைத்து, எட்டவே நின்று, அவை போகும் திசைக்குப் பக்கவாட்டில் மெதுவாகப் போவார்கள். விருப்பமிருந்தால் டால்பின்களே படகை நோக்கி வரும். திமிங்கலமாக இருந்தால் குறைந்தது 100 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்று பல நாடுகளில் விதியே உண்டு. அந்தத் தூரத்தில் பெரியவர்களுக்குத் தெரிவது இரண்டு வயதுக் குழந்தைக்குத் தெரியாது, நாம் விரல் நீட்டினால் அது விரலைத்தான் பார்க்கும். இதைப் புக்கிங் எடுத்தவர் சொல்ல மாட்டார்.

கரைக்கு வந்து பணத்தைக் கேட்டேன். முன்னால் இருந்த ஒருவர் "அதோ" என்று கத்தினாராம், படகில் ஒருவர் பார்த்தாலும் பார்த்ததாகத்தான் அர்த்தமாம். அரை மணி நேரம் வாதாடியபின் ஒரு கூப்பன் கொடுத்தார்கள். 30 நாளுக்குள் அதே படகில் இன்னொரு முறை இலவசமாகப் போகலாம்!

நீங்கள் போவதாக இருந்தால், குழந்தையின் எடையைச் சொல்லி அந்த அளவு ஜாக்கெட்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், நேரமோ படகோ மாறினால் பணம் திரும்ப வருமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். அனுப்பவில்லை என்றால் விட்டுவிடுங்கள். என்னைக் கேட்டால், மூன்று வயது வரை வேகப்படகே வேண்டாம்.

மகன் அன்று ஏமாறவில்லை. காத்திருந்த நான்கு மணி நேரத்தில் படகுத்துறைப் படிக்கட்டில் ஒரு நகச் சைஸ் நண்டு பொந்துக்குள் போவதும் வருவதுமாக இருந்தது, அதன் முன்னால் குந்திக்கொண்டு அவன் நகரவே இல்லை. அதற்கு டிக்கெட்டும் கிடையாது.