ஆக்டிகோட் வெள்ளி டிரஸ்ஸிங்: பாம்பன், மண்டபம் பக்கம் வாங்குவோர் கவனிக்க வேண்டியது

நாட்டுப்படகு எஞ்சின் சைலன்சர் சுட்ட புண், பாசி எடுக்கப் போய் பாரில் (கடலடிப் பாறையில்) கிழிந்த பாதம் - இரண்டுக்கும் புண் மேல் வைக்கும் இந்த வெள்ளி பூசிய ஷீட் நல்ல சரக்கு. ஆனால் கடலோரத்தில் இதைக் கெடுப்பது உப்பு.

ஷீட்டில் படிந்திருக்கும் வெள்ளிப் படிகங்கள் சுமார் 15 நானோமீட்டர் அளவு. அத்தனை பொடியாக இருப்பதால் ஈரம் பட்டதும் வெள்ளி அயனிகள் (மின்னூட்டமுள்ள வெள்ளித் துகள்கள்) தொடர்ந்து கசிந்து கிருமியைக் கொல்லும். அந்த அயனியை உப்பில் உள்ள குளோரைடு கண்டால் விடாது. சில்வர் குளோரைடாக்கிப் படிய வைத்துவிடும். அதனால்தான் ஷீட்டை நார்மல் சலைனில் (மருத்துவ உப்புக் கரைசலில்) நனைக்கக் கூடாது. உவர்ப்பான போர் தண்ணீரும் வேண்டாம். மருந்துக்கடையில் 'ஸ்டெரைல் வாட்டர்' ஆம்பியூல் கேட்டு வாங்குங்கள். புண்ணைச் சலைனில் கழுவியிருந்தால், ஸ்டெரைல் வாட்டரால் இன்னொரு முறை அலசிவிட்டுப் போடுங்கள்.

முதலில் புண்ணில் உள்ள மண், பாறைத் துண்டு எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். ஷீட்டைப் புண் அளவுக்கு வெட்டி, நனைத்து, இரண்டு நிமிடம் வடியவிட்டு, நீலப் பக்கம் புண்ணில் படும்படி வையுங்கள். மேலே ஈரத்தைக் காக்கும் காஸ் கட்டு. மூன்று நாள் ரகம் மூன்று நாள் இருக்கலாம், காயாமல் இருந்தால். காய்ந்தால் புதுத்தோலோடு ஒட்டிக்கொள்ளும். பிய்க்காமல் ஸ்டெரைல் வாட்டர் விட்டு ஊறவைத்து எடுங்கள். சுற்றுத்தோலில் சாம்பல் கறை படிந்தால் பயப்பட வேண்டாம், போய்விடும்.

தேங்காயெண்ணெய், வாசலின் தடவிய புண்ணில் இது வேலை செய்யாது. எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனால் கழற்றிவிட வேண்டும். கட்டோடு கடலில் இறங்கினால் காசு வீண்.

விலை கூடுதல். சின்னக் கீறலுக்குச் சாதாரணக் கட்டே போதும். நீர் நிறைய வடியும் புண்ணுக்கு, கடற்பாசியில் இருந்து எடுக்கும் ஆல்ஜினேட் டிரஸ்ஸிங் பொருத்தம். இந்தக் கரையில் எடுக்கும் கட்டக்கோரைப் பாசியும் ஆல்ஜினேட் தரும் வகைதான். திருக்கை முள் ஆழமாகக் குத்தியிருந்தால் மேலே ஒட்டும் எந்த ஷீட்டும் உள்ளே எட்டாது. பொறுக்கும் சூட்டு வெந்நீரில் காலை வைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள், டி.டி. ஊசியும் கேளுங்கள்.

சர்க்கரை நோயோ கல்லீரல் கோளாறோ உள்ளவருக்குக் கடல்நீர் பட்ட புண்ணில் சிவப்பு பரவி, கொப்புளமும் காய்ச்சலும் வந்தால் அது கடல்நீரில் வாழும் விப்ரியோ கிருமியாக இருக்கலாம். மூன்று நாள் கணக்குப் பார்க்காமல் கட்டை அவிழ்த்து அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.